கணக்கில் சேராத ஆண்டுகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு மேலாக இஸ்திரி போட்டுவந்த பெண்ணுக்கு வயது முப்பத்துமூன்று. அவள் பெற்ற மகளுக்கு ஐம்பது. அச்சுப்பிழை எதுவும் இல்லை. சட்டம் அப்படி.

அந்த நாட்டின் முதல் சட்டம் வெளியிலிருந்து வந்தவர்களை "வந்தவர்கள்" என்றே சொன்னது. ஒன்பது ஆண்டு கழித்து "அந்நியர்" என்றார்கள். ஆலைகளுக்கு ஆள் போதாமல் போனதும் "விருந்தினர்" என்றார்கள். பேர்தான் விருந்தினர், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்த ஆள் கிடையாது. ஆலைகள் மூடியதும் "உபரி". ஒவ்வொரு முறையும் குடியேற்ற அலுவலகப் பலகையில் பெயிண்டர் பழைய எழுத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே எழுதிவிட்டுப் போனார். பலகை தலையணை கனத்துக்குத் தடித்து, ஒரு மத்தியானம் பாரம் தாங்காமல் கீழே விழுந்தது. புதுப் பலகையில் "தற்காலிகர்" என்று எழுதி மாட்டினார்கள்.

அந்தச் சட்டத்தில்தான் இந்த வரி இருந்தது: தற்காலிக அனுமதியில் கழியும் காலம் எதற்கும் கணக்கில் சேராது. எழுதிய மகானுபாவர்கள் குடியுரிமையையும் ஓய்வூதியத்தையும் மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். உடம்புகள் அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டன. மறுநாளிலிருந்து தற்காலிகர் எவருக்கும் வயது ஏறவில்லை. யாருக்கும் முடி வளராததால் தெருமுனை முடிதிருத்துபவர் இரண்டு மாதம் ஈ ஓட்டிவிட்டு வேறு பேட்டைக்குக் கடையை மாற்றினார். பல்வலியோடு இருந்தவர்களுக்குப் பல்வலி கூடாமல் குறையாமல் அப்படியே இருந்தது. நல்லது கெட்டது எது நடந்தாலும் மேலோடு போயிற்று, உள்ளே இறங்கவில்லை.

இஸ்திரிக்காரியின் மகள் அங்கேயே பிறந்தவள், குடிமகள். சட்டம் வந்தபோது ஆறு வயது. அவள் மட்டும் வளர்ந்தாள். இருபத்தேழு ஆண்டில் தாயை எட்டிப் பிடித்தாள், பிறகு தாண்டிப் போனாள். பேருந்து ஓட்டினாள், கண்ணாடி போட்டாள், மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். கடைக்காரர் அவளிடம், "உங்க பொண்ணு நல்லா பாத்துக்கிறாளே" என்றபோது திருத்த முயன்று அலுத்து, "ஆமாங்க" என்று விட்டுவிட்டாள். வீட்டிலோ தாய், "சின்னப் புள்ளைக்கு என்னடி தெரியும், சும்மா இரு" என்று அந்த நரைத்த தலையை அதட்டுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மகளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் தாய்தான் அவளை அலாக்காகத் தூக்கிக் குளிப்பாட்டி, துடைத்து, ஜன்னலோரம் உட்கார வைத்தாள். முப்பத்துமூன்று வயது முதுகு, தாங்கியது. வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. தற்காலிகர் என்ற சொல்லே இனி இல்லை. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் "நிரந்தரர்", விட்டுப்போன ஆண்டுகள் மொத்தமும் கணக்கில் சேரும். போடாதவர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

"எழுபத்தேழு வயசுல உன்னை எப்படிடி தூக்குவேன்?" என்றாள் தாய்.

"போயிட்டா மட்டும் தூக்கிடுவியா?" என்றாள் மகள். கோணிய வாயால் சொன்னாலும் நியாயம் நியாயம்தான்.

கடைசி நாளில் வரிசை தெருவைச் சுற்றி நின்றது. கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. "நாற்காலி போட்டிருக்கோம்மா, உக்காந்துட்டே கையெழுத்துப் போடுங்க" என்றார். அவள் உட்கார்ந்து போட்டாள். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்று மாடி ஏறி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்ததும் வழக்கம்போல் மகளின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அசைக்க முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

"விடும்மா. கீழ் வீட்டுல யாரையாவது கூப்பிட்டுக்கலாம். இதுக்குப் போய் அழுவியா?"

"அதுக்கு இல்லடி."

"பின்ன?"

"உங்கப்பா செத்துட்டாருடி!"

அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது மகளுக்கு இருபத்தைந்து வயது. அன்று தாய் செய்தியைக் கேட்டு, "சரி" என்று சொல்லிவிட்டு மீதிப் போர்வைகளை மடித்து வைத்துவிட்டு வந்தாள். அதற்காக மகள் அவளோடு இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அப்பா போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சேம்மா."

"எனக்கு இன்னிக்குத்தான்டி."

மகள் நல்ல கையால் தாயின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அன்று மாலை அந்தத் தெருவில் பதினோரு வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்டது. எல்லாம் பழைய சாவுகள் என்று தெரிந்ததால் யாரும் போய் விசாரிக்கவில்லை.