கை தட்டினால் உருளும் வண்டி

பக்கத்து வீட்டு நெமானிக்கு நான் தர வேண்டியிருந்தது நாற்பத்தாறு டாலர் ஐம்பது சென்ட். என் மனைவி லோசாலினியின் சக்கர நாற்காலி அவன் முற்றத்துச் சரிவில் உருண்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது. பிரேக் கெட்டுப்போன வண்டி. கவா என்ற வேர்ச்சாற்றுக் கிண்ணத்தை வாங்குமுன் கை தட்டுவது எங்கள் ஊர் மரியாதை. கிண்ணம் தன்னிடம் வந்ததும், பிடித்திருந்த சக்கரத்தை விட்டுவிட்டுக் கை தட்டியிருக்கிறாள்.

"ஒரு நாள் தட்டாம குடிச்சா என்ன? இந்த மாசத்துல இது மூணாவது தடவ. நாளெல்லாம் கரும்பு வெட்டிட்டு வந்து உன்னத் துரத்த எனக்குத் தெம்பில்ல" என்று கத்தினேன்.

"கிண்ணம் நீட்டினா கை தட்டாம வாங்க நான் என்ன மாடா?" என்றாள்.

மன்னிப்புக் கேட்டு, கூலி வரும்வரை தவணையும் கேட்க, காணிக்கையாக ஒரு கவா வேர்க்கட்டோடு இருவரும் நெமானி முற்றத்துக்குப் போனோம். நாற்காலியின் பிடியை நான் விடவே இல்லை. அவன் மனமிறங்கி, முதல் கிண்ணத்தை என்னிடம் நீட்டினான். நான் மரியாதையாகக் கை தட்டினேன்.

லோசாலினி நாற்காலியோடு சரிவில் உருண்டு போய்க் கோழிக்கூண்டில் முட்டி நின்றாள். தலையெல்லாம் இறகு.

"ஒரு நாள் தட்டாம குடிச்சா என்னய்யா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

நெமானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "காசே வேணாம் மச்சான். இனிமே மன்னிப்புக் கேக்க மட்டும் வந்துடாதீங்க!"