செவ்விந்தியன் வேஷம்

துடியலூர் நூல் மில் முதலாளி பாலுசாமி அமெரிக்காவில் இருந்தது மொத்தம் இரண்டு வருஷம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது முப்பத்திரண்டு வருஷமாக. நெசவுப் படிப்புக்குப் போனவர், படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. கோடை விடுமுறையில் சிநேகிதனோடு கலிபோர்னியா போனதும், அங்கே ஒரு டிவி கௌபாய் தொடருக்கு ‘இந்தியன் தேவை’ என்று ஆள் எடுத்ததும், இவர் ‘நான் இந்தியன்தான்’ என்று பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு போய் நின்றதும்தான் பேச்சு. அவர்கள் தேடியது தலையில் இறகு செருகிய செவ்விந்தியனை என்பது கோயமுத்தூர்க்காரருக்கு எப்படித் தெரியும், பாவம்? ஆனாலும் நிறத்தைப் பார்த்து, சரி, இதுவும் ஒரு இந்தியன்தானே என்று முகத்தில் சாயம் பூசிக் குதிரை மேல் ஏற்றிவிட்டார்களாம். இதுவரைக்கும் கதை நம்பும்படியாகத்தான் இருக்கும். இதற்கப்புறம்தான் பாலுசாமி கயிறு திரிக்க ஆரம்பிப்பார்.

“உன்ற பாஷையிலயே எதாச்சும் பேசுன்னு டைரக்டர் சொல்லிப்போட்டானுங்க. நான் உட்டேன் பாருங்க, ‘இது எங்க மண்ணு, திரும்பிப் போங்கடா’ன்னு தமிழ்ல! வெள்ளைக்காரன் அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனானுங்க!”

பஞ்சு வியாபாரி வந்தாலும் சரி, வரி வக்கீல் வந்தாலும் சரி, இந்தக் கதை உண்டு. கதைக்கு நடுவே காபித் தட்டோடு வரும் மனைவி சாந்தாமணிக்கு ஒரு குத்தும் உண்டு. “அப்பேர்ப்பட்ட ஊர்ல டிவியில வந்தவனுக்கு வாச்சதைப் பாருங்க. சோமனூர்த் தறிக்காரன் புள்ள. தறிச் சத்தத்துல காது பாதி போச்சு, மூளை மீதி போச்சு.” வந்தவர்கள் சிரிப்பார்கள். முதலாளி சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா? கல்யாணமான புதிதில் சாந்தாமணியும் சிரித்துவைத்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவள் விட்டதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு மத்தியானம் சோமனூரிலிருந்து போன் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். வீட்டில் பம்பாய் விருந்தாளிகள் இருந்தார்கள். கார் வாசலில்தான் நின்றது. “இழுத்துட்டுத்தானே கெடக்கறாரு? சாப்பாட்டைப் போட்டுப்போட்டுப் போடி” என்றார் பாலுசாமி. இலை போட்டு, பரிமாறி, அவர் கதையில் குதிரை ஏறி இறங்கி, விருந்தாளிகள் கை கழுவி, அவள் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்தைக் கொட்டவும் இடமில்லாமல் போயிற்று.

தொண்ணூற்றாறில் மகள் மோகனப்பிரியாவும் மருமகன் கிருபாசங்கரும் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தார்கள். மருமகன் மாமனாரின் கதையைக் கல்யாண மேடையிலேயே கேட்டு நொந்தவன். அங்கே இப்போது பழைய கறுப்பு வெள்ளைத் தொடர்களையெல்லாம் வீடியோ கேசட்டாகப் போட்டுத் தபாலில் விற்கிறார்களாம். மாமா சொன்ன தொடரை எப்படியோ தேடிப் பிடித்து ஆறு கேசட் வாங்கி வந்திருந்தான். அந்த ஊர்க் கேசட் நம் ஊர் டெக்கில் ஓடாது என்று, எல்லாவற்றையும் ஓட்டக்கூடிய டெக் ஒன்றையும் கூடவே தூக்கி வந்திருந்தான். இதெல்லாம் மாமனார் மேல் பிரியத்தாலா, குசும்பாலா என்பது அவன் முகத்தைப் பார்த்தால் தெரியாது.

பாலுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மில்லுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டுத் தினம் ஒரு கேசட் பார்த்தார். வீடே உட்கார்ந்து பார்க்க வேண்டும். “இது சலூனுங்க மாப்ள. சலூன்னா முடி வெட்ற எடமில்லீங்க, சாராயக்கடை. இந்தத் தெருவு பூராமே அட்டைங்க, பின்னால ஒண்ணுங் கெடையாது.” சட்டையில் நட்சத்திரம் குத்திய போலீஸ்கார செரீப் சுடுவதற்கு முன்னாலேயே இவர் ‘டுமீல்’ என்பார். ஐந்து கேசட் ஓடி முடிந்தது. பாலுசாமியைக் காணோம்.

“இதுலயும் காணோமுங்களே மாமா” என்று ஒவ்வொரு கேசட் முடிவிலும் கிருபாசங்கர் ரொம்ப வருத்தமாகச் சொன்னான்.

ஆறாவது கேசட்டுக்கு பாலுசாமி வெங்கடபதியைக் கூப்பிட்டு அனுப்பினார். வெங்கடபதி பக்கத்து மில் முதலாளி. கிளப்பில் இவரைக் கண்டாலே ‘வாங்க செவ்விந்தியரே’ என்று கும்பிடு போடுகிறவர். இன்றைக்கு அவர் வாயை அடைத்துவிட்டால் முப்பத்திரண்டு வருஷப் பேச்சும் நிஜமாகிவிடும். அடைக்க முடியாவிட்டால் அத்தனையும் புளுகு, பாலுசாமி ஊரறிந்த புளுகர். மில் போனாலும் தாங்குவார், இது போனால் தாங்கமாட்டார். சாந்தாமணிக்கு அது நன்றாகத் தெரியும்.

கேசட் ஓடியது. கூண்டு வண்டிகள் வரிசையாகப் போயின. மேட்டின் மேல் செவ்விந்தியர்கள் வந்து நின்றார்கள்.

“அதா! அதா! நிறுத்துங்க மாப்ள!” என்று பாலுசாமி துள்ளி எழுந்தார்.

சவுரி முடியும் இறகும் பட்டைபட்டையாகச் சாயமுமாக ஒரு ஒல்லிப் பையன் குதிரை மேல் இருந்தான். குதிரை மிரண்டது. அவன் குனிந்து அதன் காதருகே ஏதோ சொன்னான். அந்த நேரம் பார்த்து மேளமும் ஊதலும் காதைப் பிளந்தன. துப்பாக்கி வெடித்தது, பையன் சரிந்து விழுந்தான், வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவுதான். ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட இல்லை.

“நாந்தான்! பாத்தீங்களா, நாந்தான்!”

“இது ஆருங்க?” என்றார் வெங்கடபதி. “வேலி மேல ஏறுன காஞ்ச ஒடக்கானாட்ட இருக்கறான். எங்க மண்ணுன்னு முழங்குனேன்னீங்களே, அது எங்கீங்க?”

“அதுக்கு மேல மோளத்தைப் போட்டு அமுக்கிப்போட்டானுங்க. மூக்கைப் பாருங்க, எம்பட மூக்கேதான்.”

கிருபாசங்கர் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். நிறுத்தியும் காட்டினான். நிறுத்தினால் பையன் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கின. மூக்கும் தெரியவில்லை, முழியும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை பையன் விழும்போதும் வெங்கடபதி “அடி கிடி படலீங்களே?” என்று அக்கறையாக விசாரித்தார். மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு, “விடுங்கப்பா, போதும்” என்றாள்.

சாந்தாமணி வாசற்படியில் நின்றிருந்தாள். முதல் தடவை அவளும் சும்மாதான் பார்த்தாள். இரண்டாம் தடவை பையனின் உதட்டைப் பார்த்தாள். தறிக் கொட்டகையில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சுக் கேட்கக் காது வேண்டியதில்லை. பத்துத் தறி ஒன்றாக ஓடும் இடத்தில் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவள் அப்பா சாப்பிடக் கூப்பிட்டதும், ஆத்தா திட்டியதும், கல்யாணம் பேசி முடித்ததும் எல்லாம் அவளுக்கு உதட்டில்தான் வந்து சேர்ந்தன. மேளம் என்ன மேளம்? பையன் சொன்னது அட்சரம் பிசகாமல் அவளுக்குப் புரிந்தது.

“பயப்படாத கண்ணு. நானிருக்கறேன், பயப்படாத.”

தமிழ். அதுவும் நம் ஊர்த் தமிழ். சந்தேகத்துக்கே இடமில்லை, அவர்தான். எங்க மண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கண் காணாத தேசத்தில், யாருடையதோ ஒரு குதிரை மிரண்டபோது, தான் விழப்போகிறோம் என்பதையும் மறந்து அதைத் தேற்றியிருக்கிறார். என்ன கனிவான முகம்! சாந்தாமணிக்குப் பொறாமையாக இருந்தது. குதிரை மேல் பொறாமை. இந்த ஊரில் காய்க்காரி மகளைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். தாலி கட்டிய நாளிலிருந்து ஒரு தடவை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை இந்த மனிதர். இல்லாததைக் கொடுக்கவில்லை என்றால் போகிறது. இவ்வளவு இருந்தும் கொடுக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

“ஏனுங்க, இதுக்கு எதுக்கு சண்டை?” என்றார் வெங்கடபதி. “அம்மணியக் கேட்டுப்போடலாம். கட்டுனவங்களுக்குத் தெரியாதுங்களா? அம்மணி ஆமான்னு சொல்லட்டும், நாளைக்கே கிளப்புல எல்லாரு முன்னாலயும் நான் ஆமாங்கறேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். பாலுசாமியும் திரும்பினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“சொல்லுங்க சாந்தாமணி” என்றார். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

சொல்லுங்க! பால்காரருக்கு ‘ங்க’, வாட்ச்மேனுக்கு ‘ங்க’, வீட்டு நாயைக்கூட ‘வாங்க’ என்று கொஞ்சும் ஊரில், அவளுக்கு வாய்த்தது எப்போதும் ‘டீ’தான். இன்றைக்குத்தான் முதல் ‘ங்க’ வருகிறது, அதுவும் தன் காரியம் ஆகவேண்டி. அவள் மனசு இளகாமல் இல்லை. ஆனால் இளகியது அந்தக் குதிரைக்காரப் பையனுக்காக. இவருக்காக இளக ஒன்றும் மிச்சமில்லை.

“அது நீங்க இல்லீங்க” என்றாள்.

வெங்கடபதி தொடையைத் தட்டிச் சிரித்தார். கிருபாசங்கர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேசட்டை வெளியே எடுத்தான். பாலுசாமி கத்துவார், கையை ஓங்குவார் என்று சாந்தாமணி எதிர்பார்த்தாள். அவரோ வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு, “நாந்தானே?” என்றார். அது பதில் வேண்டிக் கேட்ட கேள்விதான்.

அத்தோடு கதை நின்றது. கிளப்புக்குப் போவதும் நின்றது. பஞ்சு வியாபாரிகள் வந்தால் பஞ்சு பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். மகளும் மருமகனும் ஊர் திரும்பிவிட்டார்கள், டெக்கும் கேசட்டும் இங்கேயே தங்கிவிட்டன.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் பாலுசாமி ஆறாவது கேசட்டைப் போட்டு அவளைக் கூப்பிடுவார். சாந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் சோபாவில் உட்காருவாள். அவர் எதிரில் உட்காராதவள் இப்போது சாய்ந்தே உட்காருகிறாள். குதிரை மிரளும், பையன் குனிவான், அவள் கண்ணை இமைக்காமல் அவன் உதட்டைப் பார்ப்பாள். உள்ளே எங்கேயோ குளிர்ந்துபோகும்.

“காதப் பாரு. இந்தா, தோளப் பாரு. நானில்ல?”

“இல்லீங்க. வேற ஆரோங்க.”

ஒரு நாள் பாலுசாமி ரிமோட்டை மடியில் வைத்தார். அவர் கண்ணுக்கும் இப்போதெல்லாம் அது வேறு யாரோ போலத்தான் தெரிந்தது.

“அப்ப நானு எங்க போனேன் சாந்தாமணி?” என்றார்.

“தெரியலீங்களே” என்றாள் அவள். “எதுக்கும் இன்னொருக்கா போடுங்க, பாக்கலாம்.”