கீழ்ப்பக்கக் கோடு

வெள்ளக்கடைப் பக்கத்து மலை எஸ்டேட் மைதானத்தில் பந்து கீழ்ப்பக்கக் கோட்டைத் தாண்டினால், காப்பிச் செடிகளுக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். யார் உதைத்திருந்தாலும் சரி, கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவள்தான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அங்கே ஆடும் பெண்கள் போட்ட சட்டம். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அருக்காணிக்கு அந்த இறக்கம் நன்றாகத் தெரியும். அதனால் எந்தப் பந்தையும் வெளியே போகவிட அவளுக்கு மனம் வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகவிருந்த இந்தியப் பெண்கள் கால்பந்து அணி குளிர்ச்சி தேடி அங்கே முகாம் போட்டது. தடுப்பாட்டத்தில் ஓர் இடம் காலி. உள்ளூரில் நன்றாக ஆடுகிறவள் என்று அருக்காணியையும் தேர்வு ஆட்டங்களில் சேர்த்து விளையாட வைத்தார்கள்.

பயிற்சியாளர் தேவசிகாமணி பேரம் தெரிந்தவர். பிடித்த சரக்கைப் பிடிக்காத முகத்தோடுதான் பார்ப்பார். அவளையும் அப்படித்தான் பார்த்தார். பிறகு குறை சொன்னார்: எதிராளி காலில் பட்டு வெளியே போகிற பந்து நமக்குத்தானே சேரும், அதை ஓடி மறித்து எதிராளிக்கே ஏன் தானம் செய்கிறாய்? மற்றவர்களைப் போல 'நம்ம பந்து' என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பழகு, இடம் தருகிறேன்.

கடைசித் தேர்வு ஆட்டத்தன்று தூறல். எதிராளி காலில் பட்ட பந்து கீழ்க்கோட்டை நோக்கி உருண்டது. அருக்காணியின் கால் துடித்தது. அடக்கிக்கொண்டு நின்று கையைத் தூக்கினாள். பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் சேற்றில் நின்றுவிட்டது. விசில் இல்லை. எதிர் அணிக்காரி அதை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டாள்.

இடம் போயிற்று என்று அருக்காணி தலைகுனிந்தாள்.

கோல்காப்பாளர் சரஸ்வதி, கோயம்புத்தூர்க்காரி, வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நேரே தேவசிகாமணியிடம் வந்தாள்.

"போன வருசம் வெளிநாட்டுல நாம தோத்த கோல் இதேதானுங்க சார். எல்லாரும் கையத் தூக்கிட்டு நின்னோம். இவகிட்ட நாம கத்துக்குவோம்னு பாத்தா, இவ நம்மகிட்ட கத்துக்கிட்டா."

தேவசிகாமணி அவள் கையிலிருந்த பந்தை வாங்கிப் பார்த்தார். நல்ல சரக்கைத் தானே கெடுத்துவிட்ட வியாபாரியின் முகம் அது. பிறகு அருக்காணியைக் கூப்பிட்டார்.

"நான் சொன்னத மறந்துரு கண்ணு. பொட்டி கட்டு."

அவளுக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஏனுங்க சார், அந்த ஊர்ல பந்து வெளிய போனா யாருங்க எடுத்தாருவாங்க?"

"அதுக்குன்னே ஆளு நிப்பாங்க."

அருக்காணி யோசித்தாள்.

"இருந்தாலும் பந்த வெளிய விட வேண்டாமுங்க," என்றாள்.