ஏணியில் மூன்று தட்டு

படகின் ஏணியில் சுத்தியலால் மூன்று முறை தட்டினால், கீழே முங்கியிருக்கும் ஆள் மேலே வந்துவிட வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் கரையில், கடலடியில் முள்ளுருண்டையாகக் கிடக்கும் கடல் முள்ளெலிகளை முங்கிப் பொறுக்குகிற எல்லோருக்கும் இது தெரியும். என் கணவன் ஆரினுக்கு மட்டும் இந்தக் குளிர்காலம் முழுக்கக் காது கேட்கவில்லை. சாப்பிட வரச் சொல்லி நான் தட்டுவேன், சூப் ஆறும், தனியாகச் சாப்பிடுவேன். முதுகுச் சிலிண்டரில் காற்று தீரும்போதுதான் ஐயா தலைகாட்டுவார்.

நேற்று கேட்டே விட்டேன். "மாங்கு மாங்குன்னு தட்டுறேன், கேக்கலியா?"

"ஒண்ணும் கேக்கல, வெர்னா. ஆழமில்லாத தண்ணி. நீ தட்டுறதோ மேலாப்புல. நேரா வர்ற சத்தத்த, தண்ணியோட மேல்மட்டத்துல பட்டுத் திரும்புற சத்தம் முழுங்கிடுது. நான் என்ன பண்ண?"

நம்பினேன். கோபத்தைத் தண்ணீர் மேல் திருப்பிக்கொண்டேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

இன்று வீட்டிலிருந்து நீளமான இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து வந்தேன். சத்தம் ஆழத்திலிருந்தே கிளம்பட்டும் என்று, அடிமுனை பாதி ஆழம் வரை போகிற மாதிரி படகோரம் கட்டினேன். மேல்முனையில் ஓங்கி மூன்று போடு போட்டேன்.

தள்ளி நின்ற அடுத்த படகிலிருந்து முங்கியிருந்த மெர்ல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தான். "யம்மா தாயே, மண்டைக்குள்ள மணியடிக்குது! யாரு செத்தா?"

"உன்னக் கூப்பிடல. போய் வேலையப் பாரு!"

அவ்வளவு தூரத்தில் அவனுக்கே கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு கோப்பையிலும் சூப் ஊற்றினேன்.

ஆரினின் காற்றுக்குமிழிகள் படகுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தன. மறுபடி தட்டினேன். குமிழிகள் சட்டென்று நின்றன. கீழே எதையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் மறுபடி குமிழிகள் வந்தன. இன்னொரு முறை தட்டினேன். நின்றன. திரும்ப வந்தன. ஒரு சாண்கூட நகரவில்லை.

அவனுக்குக் கேட்கிறது. என்னோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் பிடிக்கவில்லை. குழாயை அவிழ்த்து உள்ளே இழுத்துப் போட்டேன்.

காற்று தீர்ந்ததும் வந்தான். முகமூடியைக் கழற்றினான். ஈரக்குழாயைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கும் ஒண்ணும் கேக்கல."

"ஆழமில்லாத தண்ணியாச்சே, அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லி, ஆறிப்போன கோப்பையை அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.