லாட்ஜ் மோட்டார்

அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, இரண்டு குடங்களுடன் கோகுல்ராஜ் ஊற்றுச் சரிவில் கால் வைத்த நேரத்தில்தான் தேவராஜின் கார் வாசலில் வந்து நின்றது. முதலில் மாலை இறங்கியது. பாயில் கிடத்தியிருந்த அம்மாவைவிட ஒரு முழம் நீளம். அதைத் தொடர்ந்து தேவராஜ் இறங்கினார். ஏலகிரியில் லாட்ஜ் வைத்திருப்பவர். கோகுல்ராஜுக்கு அங்கேதான் ரூம்பாய் வேலை.

மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவர் கண்ணில் குடம் பட்டது.

"குடம் இன்னாத்துக்குடா கோகுலு? நான் குடுத்த மோட்டாரு இன்னா ஆச்சி?"

ஒப்பாரி பாதியில் நின்றது.

லாட்ஜில் வெந்நீர் மோட்டாரைப் புதிதாக மாற்றியபோது, பழையது ஓடுகிற நிலையில் கிடந்தது. ஊற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றிக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கியவன் கோகுல்ராஜ்தான். மோட்டார் என்றால் மோட்டார். கேட்டவனுக்கும் அதற்கு மேல் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஊரார் மேலே தொட்டி கட்டிக் கல்வெட்டு பதித்தார்கள். தேவராஜின் பட்டங்களுக்கே நாலு வரி போனதில், தண்ணீர் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. அவர் ரிப்பன் வெட்டி, ஒரு மணி நேரம் பேசி, பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகுதான் சுவிட்சைப் போட்டார்கள். தண்ணீர் குழாயில் மூன்று ஆள் உயரம் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

மறுவாரம் பார்க்க வந்த வாணியம்பாடி ஃபிட்டர் காலித், மோட்டாரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அரே தம்பி, இது ஏத்துற மோட்டாரு இல்ல. சுத்த வுடுற மோட்டாரு. லாட்ஜுல பைப்பு போய்ட்டுத் திரும்பி வரும், வளையம் மாதிரி. ஒரு பக்கம் எறங்குற தண்ணியோட பாரமே இன்னொரு பக்கம் ஏறுறதத் தூக்கிக் குடுத்துரும். பைப்பு ஒரசலுக்கு மட்டும் இது தள்ளுனா போதும். சுடுதண்ணி சுத்திக்கினே இருக்கறதாலதான் எந்த ரூம்ல கொழாயத் தொறந்தாலும் ஒடனே சூடா வருது. இங்க மேலருந்து திரும்பி எறங்க இன்னா இருக்குது, சொல்லு?"

முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வரும் சம்பளம் அவனுடையது ஒன்றுதான். தொட்டிக்குள் கோழி அடைகாத்தது. அம்மா எப்போதும்போல் குடம் சுமந்தாள். இன்று காலை ஊற்றடிப் பாசியில் வழுக்கி மல்லாந்து விழுந்தாள், பின்மண்டை பாறையில். ஜீப் கிடைத்தபோது ஜீப் தேவைப்படவில்லை.

"மோட்டாரு ஜோரா ஓடுதுங்க" என்றாள் சின்னம்மா அம்சவல்லி, அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே. "தண்ணிக்குத்தான் எங்கக்கா போச்சி."

தேவராஜ் புரியாமல் கோகுல்ராஜைப் பார்த்தார். அப்பா லட்சுமணனும் அவனைத்தான் பார்த்தார். காலித் சொன்னதில் பாதியைச் சொன்னால் போதும்.

"லோ வோல்டேஜுங்க மொதலாளி" என்றான்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதான பாத்தேன். நான் குடுத்த பொருளு ஏமாத்துமா? இரு, கரண்ட் ஆபீசுலயே கேக்குறேன்." போனை எடுத்தார். சிக்னலைத் தேடிக் கையை உயரத் தூக்கிக்கொண்டு, அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிடைக்கவில்லை. "சரி, நீ சுவிட்சப் போட்டு வை. வோல்டேஜு வரும்போது தண்ணி தானா வரும்."

போட்டான்.

கீழே ஊற்றடியில் இருக்கும் மோட்டாரை நோக்கி தேவராஜ் இங்கிருந்தே காதைச் சாய்த்தார். "கேளு. சத்தமே இல்ல பாரு. அவ்ளோ ஒசத்தியான மாடலு."

கார் கிளம்பிப் போனது. கோகுல்ராஜ் குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஊற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்த்தான். போகாத தண்ணீரைத் தள்ளித் தள்ளி நன்றாகச் சூடேறியிருந்தது.

குனிந்து ஒரு குடத்தை நிரப்பினான். அடுத்ததை எடுக்கத் திரும்பும்போது, பாறை இடுக்கில் அம்மாவின் பச்சை பிளாஸ்டிக் குடம் சிக்கி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தான். காலையில் அவள் மொண்டதில் பாதி இன்னும் அதில் இருந்தது.

கொண்டுவந்த காலிக் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, பச்சைக் குடத்தைத் தளும்பாமல் எடுத்துத் தோளில் வைத்தான்; நிரப்பியதை இடுப்பில் இடுக்கிக்கொண்டான். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்து ஏறத் தொடங்கினான்.