முப்பத்துமூன்றில் ஓர் ஆண் குரல்

ஓசூரில் பாட்டுக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. பிடித்திருக்கிறது என்பதற்காகக் கேட்கிறவர்கள் ஒரு வகை. இவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சிப்காட் வாசல் டீக்கடையிலும் வெட்கமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேறு யாரும் கேட்கவில்லை என்பதற்காகவே கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் மொத்தமே நாலு பேர். நாலாவது ஆள் திருமலை. அவனையும் அதுவரை முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அபூர்வ இசைத்தட்டுச் சபை என்று அதற்குப் பெயர். தலைவர் சுரேந்தர், பெரிய கம்பெனி ஒன்றில் ஆட்களை எடுப்பதும் அனுப்புவதுமான வேலை. ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது முகம் மாறாதவர், பக்கத்து வீட்டில் சினிமாப் பாட்டு வைத்தால் ஜன்னலை அறைந்து சாத்துவார். அடுத்தவர் மாதேஷ், பாகலூர் ரோட்டில் வீட்டுமனை விற்கிறவர். மூன்றாமவர் கோவிந்தப்பன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சுரேந்தர் ஒரு கருத்தைச் சொல்லி முடித்ததும் "அதேதான்" என்பது இவருடைய கருத்து.

சபையின் கருத்துகளைக் கேட்டால் தலை சுற்றும். ஒரே ஒரு தட்டுப் போட்டுவிட்டுக் கலைந்துபோன குழுதான் உண்மையான குழு. இரண்டாவது தட்டுப் போட்டவன் பிழைப்புக்கு வந்தவன். யாரும் வாங்காத தட்டில்தான் நேர்மை இருக்கிறது. கோலார் பக்கத்துக் கிடார் குழு ஒன்றை மாதேஷ் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். தன் பல் டாக்டருக்கும் அந்தக் குழுவைத் தெரியும் என்று தெரிந்த அன்றே அது அவருக்குச் சலித்துவிட்டது. பல்லையும் வேறு இடத்தில் காட்ட ஆரம்பித்தார்.

சபைக்கு விதிகள் உண்டு. கொண்டுவரும் தட்டு, அறையில் இருக்கிற ஒருவருக்கும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. கொண்டுவருகிறவனும் அதை வீட்டில் போட்டுக் கேட்டிருக்கக் கூடாது. முதல் கேட்பு சபையில்தான். கேட்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் உங்களைச் சபையில் சேர்க்கவில்லை.

ஒரு தட்டாவது தேறினால்தான் நிரந்தர உறுப்பினர். திருமலை இரண்டு வருஷமாகப் பார்வையாளனாகவே உட்கார்ந்திருந்தான். தர்மபுரி மாதா கோயில் பாடகர் குழுவின் தட்டைக் கொண்டுவந்தான். மாதேஷ் ஒரு கல்யாணத்தில் கேட்டிருந்தார், தள்ளுபடி. ஆந்திரத்துக் குப்பம் ஊரில் கிடைத்த தெலுங்குக் குழுத் தட்டு ஒன்று. கோவிந்தப்பனின் சகலை அதில் டோலக் வாசித்தவராம், அதுவும் தள்ளுபடி. நிரந்தர உறுப்பினரின் தட்டுத்தான் பெங்களூரில் வருஷா வருஷம் நடக்கும் சேகரிப்பாளர் கூட்டத்துக்குப் போகும். கொண்டுவந்தவனே மேடையேறி அதைப் பற்றிப் பேசலாம். திருமலை உதிரிபாகக் கம்பெனியில் அளவு சரிபார்க்கிறவன். எந்த விஷயத்திலும் அவன் கருத்தை யாரும் கேட்டதில்லை. அந்த மேடையில் நின்று "இது என் கண்டுபிடிப்பு" என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று அவன் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போதுதான் கிருஷ்ணகிரி காயலான் கடையில் அந்தச் சின்னத் தட்டு கிடைத்தது. உறை இல்லை. நடுவில் ஒட்டிய தாளில் பாதி உரிந்துபோயிருந்தது. "...லைட் இசைக்குழு, தளி" என்பது மட்டும் மிச்சம். தளியில் முட்டைக்கோஸ் விளையும், ரோஜா விளையும், குளிரும். இசைக்குழு இருந்ததாக எவனும் சொன்னதில்லை. திருமலை பேரம் பேசாமல் வாங்கினான். விதிப்படி கேட்கவில்லை; மோந்து மட்டும் பார்த்தான்.

அந்த மாதக் கூட்டம் அவன் வீட்டில். முதல் நாளே தளியிலிருந்து மாமியார் சாந்தம்மா ஒரு மூட்டை முட்டைக்கோஸோடு வந்திறங்கியிருந்தார். சொந்தத் தோட்டம், ஆள் வைத்து வேலை வாங்கிப் பழகிய குரல். பேச்சுக்கு நடுவே கன்னடம் தானாக வந்து விழும். ரெக்கார்டுகள் அடுக்கிய அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம், "நானுங்கூட ஒரு ரெக்கார்டுல பாடியிருக்கேன் மாப்ள" என்பார். திருமலையும் ஒவ்வொரு தடவையும் "அப்படீங்களா அத்தை" என்று சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். யாரும் கேட்காத குரல்களைத் தேடிப் போகிறவனுக்கு வீட்டில் ஆயிரம் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபை கூடியது. திருமலை தட்டை வைத்து, சின்னத் தட்டுக்கு உரிய வேகத்தில், நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில், ஓட்டினான். துள்ளலாக ஏதோ ஆரம்பித்தது. கோவிந்தப்பனின் கால் தாளம் போட்டுவிட்டது. சுரேந்தர் அந்தக் காலைப் பார்த்தார். கால் நின்றது.

"இது வியாபாரம்" என்றார் சுரேந்தர். "வேகம் தப்பு. ஒருசில சின்னத் தட்டு முப்பத்துமூணுல ஓட வேண்டியது. மாத்துங்க."

சின்னத் தட்டில் பெரும்பாலானவை நாற்பத்தைந்தில் ஓடும் என்பது தட்டு விற்கிறவனுக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்வதற்குச் சபை எதற்கு? திருமலை மாற்றினான்.

பாட்டு இழுத்தது. ஆர்மோனியம் முனகியது. அதன் மேலே கனத்த ஆண் குரல் ஒன்று, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வர முடியாமல் ஏறி வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. மாதேஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன துக்கம்" என்றார் சுரேந்தர். "இந்த மனுசன் பாடல, தன்னையே புதைச்சிக்கறான். எண்பதுகள்ல, தளி மாதிரி ஒரு ஊர்ல, எவனுக்கும் புரியாதுன்னு தெரிஞ்சே பாடியிருக்கான். இப்படிப் பாடினவன் ரொம்ப நாள் உயிரோட இருந்திருக்க மாட்டான்."

"அதேதான்" என்றார் கோவிந்தப்பன், காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு.

"உங்க யாருக்காவது இது தெரியுமா?" என்று விதிப்படி கேட்டார் சுரேந்தர். ஒருவருக்கும் தெரியவில்லை. திருமலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு வருஷம் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தவன் முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துச் சாந்தம்மா கோஸ் பக்கோடாத் தட்டோடு உள்ளே வந்தார்.

"யாரு மாப்ள இந்த ஆம்பள? வவுத்து வலியா அவருக்கு?"

"அம்மா, அது துக்கம்" என்றார் சுரேந்தர், பொறுமையாக.

சாந்தம்மா பக்கோடாவை நீட்டிய கை அப்படியே நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். "இருங்க இருங்க. இந்த ஆர்மோனியப் பொட்டி நம்ம கங்கப்பன் வாசிச்சதாச்சே. அவன் எப்பவும் இந்த எடத்துல தப்பு வுடுவான்." பக்கோடாத் தட்டை மாதேஷ் மடியில் வைத்துவிட்டு நேரே போய் வேகக் குமிழைத் திருப்பினார்.

கிணற்றுக்குள் கிடந்த ஆண் ஒரே தாவலில் வெளியே வந்து இருபது வயசுப் பெண்ணாகிவிட்டார். "புழுவே புழுவே ஓடிப்போ, கோசுத் தோட்டம் விட்டுப்போ" என்று துள்ளிக்கொண்டு பாடியது குரல். சாந்தம்மாவும் கூடவே பாடினார், இப்போதைய குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மணிமேகலை, புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்ததும் சாந்தம்மா விவரம் சொன்னார். கோசுப் புழுவுக்கு மருந்து விற்க வந்த கம்பெனி ஒன்று போட்ட தட்டு அது. வேனில் ஒலிபெருக்கி கட்டி, ஜவளகிரி வரைக்கும் ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு போனார்களாம். பாடின பெண்ணுக்கு ஒரு சேலையும் ஒரு டப்பா மருந்தும் கொடுத்தார்களாம்.

"புழு செத்துச்சா?" என்று கேட்டுவிட்டார் கோவிந்தப்பன். சுரேந்தர் மறுபடி அவரைப் பார்த்தார்.

"எங்கீங்க சாவுது. பாட்டும் சுமாரு, மருந்தும் சுமாரு. எங்க குழுவுக்குக் கெடச்ச மரியாதையே ஜாஸ்திதான்."

திருமலை எதையும் கேட்கவில்லை. விதி மட்டும்தான் காதில் ஒலித்தது. அறையில் இருக்கிற ஒருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவர் மட்டுமா, பாடினவரே அறையில் நிற்கிறார். போயிற்று, மறுபடியும் பார்வையாளன். மாமியார் மேல் அவனுக்கு வந்த கோபம் நியாயமானதே இல்லை. ஆனாலும் வந்தது.

சுரேந்தர் சும்மா விடுகிற ஆள் இல்லை. தொழிலாளர் சங்கத்தோடு பேசிப் பேசிப் பழகிய மூளை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சது நாப்பத்தஞ்சுல ஓடற பாட்டு. அது விளம்பரம், நமக்கு வேணாம். முப்பத்துமூணுல ஓடறப்ப, யாரு இந்த ஆம்பளைன்னு அவங்களே கேட்டாங்க. அப்ப அது அவங்களுக்கும் தெரியாத பாட்டு. அறையில ஒருத்தருக்கும் தெரியாது. தட்டு செல்லும்."

"பாடினவங்களே சொல்றாங்களே சார்" என்றான் திருமலை. அவ்வளவு தைரியம் அவனுக்கு இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"பாடறவங்களுக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? நாமதான கேக்கறோம். திருமலை, இன்னையிலருந்து நீங்க நிரந்தர உறுப்பினர். பெங்களூருக்கு நீங்க போறீங்க. முப்பத்துமூணுலதான் ஓட்டணும். அட்டையில 'பாடகர் பெயர் தெரியவில்லை'ன்னு போடுங்க. சம்மதமா?"

"மாப்ள" என்றார் சாந்தம்மா. குரலில் அதிகாரம் இல்லை. "அந்தக் காலத்துல குழுவினர்னு மட்டுந்தான் போட்டாங்க. எங்கப்பா பேரு கெட்டுப்போயிரும்னு எம்பேர வேணாம்னுட்டாரு. நீங்க போடறதா இருந்தா எம்பேரப் போடுங்களேன். சுமாரான பாட்டுன்னாலும் பாடினது நாந்தானுங்களே."

எல்லாரும் திருமலையைப் பார்த்தார்கள். மாதேஷ் மடியில் பக்கோடா ஆறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து "சாந்தம்மா" என்று ஒரு பெயரைச் சொல்வதில் என்ன கஷ்டம்? சொன்னால் மேடை போய்விடும்.

"அத்தை, அதப் பத்தி அப்புறமாப் பேசிக்கலாங்க" என்றான். சுரேந்தரைப் பார்த்து, "சம்மதம் சார்" என்றான்.

சாந்தம்மா மாதேஷின் மடியிலிருந்து தட்டை எடுத்து எல்லாருக்கும் பக்கோடா கொடுத்தார், அவனுக்கும் கொடுத்தார்.

அப்புறம் பேசவேயில்லை. பேச நேரமில்லை; பெங்களூர்ப் பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கவே நேரம் போதவில்லை. சாந்தம்மா தளிக்குத் திரும்பிப் போனார். பெங்களூர்க் கூட்டம் நடக்கிற ஞாயிறன்று, மகள் கூப்பிட்டாள் என்று மறுபடி வந்தார்.

பெங்களூரில் திருமலை வெளுத்து வாங்கினான். குளிரூட்டிய அரங்கம். தாடி வைத்தவர்கள், தாடி வைக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முப்பத்துமூன்றில் அந்த ஆண் முனகியபோது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது என் கண்டுபிடிப்பு" என்று ஆரம்பித்து, தளியின் பனியையும் தனிமையையும் பற்றி அவன் பேசிய பேச்சைக் கேட்டால் தளிக்காரர்களே ஊரை விட்டு ஓடியிருப்பார்கள். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, பாடகர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்.

முதல் வரிசையில் சுரேந்தர் உட்கார்ந்திருந்தார். திருமலை அவரைப் பார்த்தான்.

"இல்லைங்க" என்றான். "போய் ரொம்ப வருஷமாச்சு."

அரங்கமே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. திருமலையும் தலையைக் குனிந்து நின்றான். வாழ்க்கையிலேயே அவனுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது அப்போதுதான். அந்த மௌனத்தின் நடுவில் கங்கப்பன் தப்பு விடுகிற இடம் திடீரென்று நினைவுக்கு வந்து, பெருமை கொஞ்சம் குத்தியது. திரும்பி வரும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் குத்தியது.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தான். சாந்தம்மா கூடத்தில் உட்கார்ந்து ரோஜாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மணிமேகலையின் போன் தலையணையில் சாய்த்து வைத்தபடி இருந்தது.

"நேரலையில பாத்தோம்" என்றாள் மணிமேகலை. "எல்லாம் எந்திரிச்சு நின்னீங்களே, அப்ப நாங்களும் நிக்கறதா உக்கார்றதான்னு தெரியலைங்க."

திருமலைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வெட்கம் காது வரைக்கும் சுட்டது. தட்டு இருந்த பையைப் பின்னால் மறைத்துக்கொண்டான், அதைத் திருடிக்கொண்டு வந்தவனைப் போல.

"மொதல்ல சாப்புடுங்க மாப்ள" என்றார் சாந்தம்மா. எழுந்து போய் அவரே இலை போட்டார், சோறு போட்டார், கோஸ் பொரியல் வைத்தார். அவன் கையை வைக்கப் போகும்போது எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் எதுலங்க செத்தேன்?"

எந்தக் குழு எதனால் கலைந்தது, எந்தப் பாடகன் என்ன துக்கத்தில் போனான் என்று மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவன் சோற்றைப் பார்த்தபடி இருந்தான்.

"தெரியலைங்க அத்தை."

"சாகு, வுடுங்க" என்றார் சாந்தம்மா, போதும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, இன்னொரு கரண்டிப் பொரியலை அவன் இலையில் வைத்தபடி. "பேரே தெரியாத ஆளு. எதுல செத்தா உங்களுக்கென்ன."