பேப்பர் உரிச்ச ஞாயித்துக்கெழம

சுவத்துல ஒட்டின பழைய பேப்பரை உரிக்க ஒரு ஆம்பளையை உதவிக்குக் கூப்பிடுற மாதிரி மடத்தனம் வேற கிடையாது. அதுவும் வாசிக்கத் தெரிஞ்ச ஆம்பளையை.

காலையில ரொட்டி தின்னுட்டு ஆரம்பிச்சோம். நான் ஒரு பக்கம் துணியை நனைச்சு ஊறவச்சு, தோசைக்கரண்டியால சொரண்டுறேன். எங்க வீட்டுக்காரரு துஷாந்த் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறவரு. மலை மலையா தேயிலைச் செடியை வெட்டிச் சாய்க்கிற மனுஷன், கையில கத்தியோட சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டு, "இந்தா புள்ள, மீன ராசிக்கு இந்த வாரம் பயணம் அமையுமாம்" ங்கிறாரு. அந்தப் பேப்பர் வந்தப்ப அவருக்கு மீசையே மொளைச்சிருக்காது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பயணத்தை அப்பவே அமைச்சுக் குடுத்திருப்பேன்.

தோட்டத்துல வரிசையா கட்டின லயத்துல, எங்க காம்பராவுல சுவரை நேருக்கு நேரா பார்த்தவங்க யாரும் இல்ல. எங்க மாமனார் பொன்னையா உசுரோட இருந்த வரைக்கும், தீவாளிக்குத் தீவாளி கோதுமை மாவைக் காய்ச்சி, பழைய பேப்பர் மேலயே புதுப் பேப்பரை ஒட்டிக்கிட்டுப் போனவரு. குளிருக்கு அடக்கமா இருக்கும், மண்ணும் உதிராது. நல்ல காரியந்தான், நான் இல்லேங்கல. ஆனா ஒரு தடவையாவது பழசை உரிச்சிட்டு ஒட்டியிருக்கலாம்ல? ரொட்டி கனத்துக்கு ஏறிக் கிடக்கு. ஒரு தாளை இழுத்தா கரப்பான், பல்லி முட்டை, பச்சைப் பூஞ்சணம் எல்லாம் சேர்ந்து மூஞ்சியில கொட்டுது.

நான் ஒண்ணும் ஆசைப்பட்டு இதுல எறங்கல. எங்க மகன் வினோஜனுக்கு நாலு வயசு. போன வருஷ மழைக்குப் பொறவு அவனுக்கு இழுப்பு வந்துச்சு. நெஞ்சுக்குள்ள விசில் ஊதுற சத்தம், ஒதடு நீலம் பாரிச்சிரும். ரெண்டு தடவை ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரெண்டாவது தடவை டாக்டர் நோனா, அந்தம்மா சிங்களத்துல என்னைப் புடி புடின்னு புடிச்சிட்டாங்க. வீட்டுல பொகை இருக்கான்னு கேட்டாங்க. எங்க வீட்டுல கேஸ் அடுப்புன்னு பெருமையா சொன்னேன். அப்பன்னா ஈரமா இருக்கும், சுவத்துல என்னன்னு கேட்டாங்க. பேப்பர்னு சொன்னதும் எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சிட்டாங்க. அதை உரிச்சு எறியுற வரைக்கும் புள்ளையை அந்த வீட்டுல படுக்கப் போடாதன்னு சொன்னாங்க. அடுத்த தடவை இங்க வந்து சேர நேரம் இருக்குமோ என்னவோன்னு வேற சொன்னாங்க.

அன்னையில இருந்து அவன் நோர்வூட்ல எங்க அண்ணன் வீட்டுல. அங்க ஒரு நாள்கூட இழுக்கல. போன்ல என்னைச் சாப்டியான்னுகூட கேக்க மாட்டான், சுவர் சரியாயிருச்சான்னுதான் கேப்பான்.

இதுல இன்னொரு கூத்து. அவன் இங்க இல்லாதப்பவும் எனக்கு அந்த இழுப்புச் சத்தம் கேக்குது. திடுக்குன்னு எந்திரிச்சுக் கையால தடவுனா பாய் காலியா இருக்கும். உனக்குப் புள்ளை நெனப்புல கிறுக்குப் புடிச்சிருச்சுன்னாரு வீட்டுக்காரரு. எனக்கே அப்படித்தான் பட்டுச்சு. அதனாலதான் இந்த ஞாயித்துக்கெழம என்ன ஆனாலும் சுவரைப் பார்க்காம விடுறதில்லன்னு நின்னேன்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் பூரணி வீடு. அவ பேரை எடுத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். புருஷன் கொழும்புல கடையில நிக்கிறாரு, இவ மகளோட தனியா இருக்கா. போன வருஷ மழையில பின்னாடி இருந்த இவ சமையல் குசினி மண்ணோட சரிஞ்சப்ப எங்க வீட்டுக்காரருதான் போய் மண்ணை அள்ளிக் குடுத்தாரு. அதுக்கு அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு நாள் மலைத்தண்ணி விழுற பீலியில தண்ணிக்கு நிக்கிறோம். எம்மகன் அவ மக ஷாமிலாகூட வெளையாடப் போனான். இவ ஓடியாந்து மக கையைப் புடிச்சு இழுத்துட்டு, அவன்கிட்ட போகாத, அது ஒட்டுற சீக்குன்னா. அம்புட்டுப் பேர் முன்னாடி. எம்மகன் அவன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு நின்னான்.

அன்னையோட முடிஞ்சது பேச்சு. ஒரே சுவத்தை வச்சுக்கிட்டு பேசாம இருக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அவ வீட்டுல சட்டி உருண்டா நமக்குக் கேக்கும், நம்ம வீட்டுல உப்பு இல்லேன்னா அவளுக்குத் தெரியும். ஆனா வாசல்ல எதிர்ப்பட்டா ரெண்டு பேரும் மலையைப் பார்த்துக்கிட்டுப் போவோம்.

மத்தியானம் திரும்பினப்ப ஒரு வழியா கடைசி அடுக்குக்கு வந்துட்டோம். அங்க முருகன் நிக்கிறாரு. பெரிய காலண்டர் படம், மயிலோட. எங்க வீட்டுக்காரரு கத்தியைத் தூக்கித் தூர வச்சிட்டாரு. சாமி மேல கத்தி வைக்க மாட்டாராம். அவரு வேல் வச்சிருக்காரு, உங்க கத்திக்கெல்லாம் பயப்பட மாட்டாருன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல. ஒரு கிண்ணத்துல சுடுதண்ணி எடுத்துட்டு வந்து, முருகனுக்கு நோகாம ஒத்தி ஒத்தி எடுக்குறாரு. வெளிய மிஸ்ட் எறங்கி மலையே தெரியல. இன்னைக்கு இந்தச் சுவர் காயுமா, எம்மகன் எப்ப வருவான்னு எனக்கு உள்ள கொதிக்குது. இவரு மயிலோட வாலைத் தொடைச்சிக்கிட்டு இருக்காரு.

என்னால முடியல. தள்ளுங்கன்னு சொல்லிட்டு, மேல் மூலையைப் புடிச்சு ஒரே இழுப்பா இழுத்தேன்.

முருகன் முழுசா வந்தாரு. அவரோட சேர்ந்து சுவரும் வந்துச்சு. தலைகாணி அளவுக்கு ஒரு மண்கட்டி பொத்துன்னு என் கால்ல விழுந்துச்சு. அதுக்குப் பின்னாடியே குபுகுபுன்னு பொகை. கையில இருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தா, பின்பக்கம் சட்டிக்கரி மாதிரி கருத்துக் கிடக்கு. மாமனார் சுவத்துல இருந்த வெடிப்பை மறைக்கத்தான் அங்க சாமியை ஒட்டியிருக்காரு. பேப்பருக்குப் பின்னாடியே பொகை புகுந்து புகுந்து காம்பரா முழுக்கப் பரவியிருக்கு. லயத்துல எந்த மூலையிலதான் பொகை வாசம் இல்ல? நான் எப்படிக் கண்டேன்?

ஓட்டைக்குள்ள எட்டிப் பார்த்தேன். சுவத்தோட ஒட்டி மூணு கல்லு அடுப்பு. அதுல ஈரத் தேயிலைக் குச்சி கண்ணீர் விட்டுக்கிட்டு எரியுது. வீட்டுக்குள்ள, படுக்குற காம்பராவுக்குள்ள அடுப்பு போட்டு வச்சிருக்கா. எம்மகனை ஒட்டுற சீக்குன்னவ, எம்மகன் தலைமாட்டுல பொகை போட்டுருக்கா. இம்புட்டு நாள் சேர்த்து வச்ச ஏச்செல்லாம் நாக்கு நுனிக்கு வந்துருச்சு.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. நெஞ்சுக்குள்ள விசில் ஊதுற சத்தம்.

பூரணி அடுப்புப் பக்கத்துல குந்தி, ரெண்டு கையையும் முழங்கால்ல ஊனிக்கிட்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுக்குறா. ஒதடு நீலமா இருக்கு. எனக்கு அந்த நீலம் நல்லாத் தெரியும்.

மூச்சு கொஞ்சம் எறங்கினதும் அவளா பேசினா. குசினி சரிஞ்சதுல இருந்து உள்ளதான் பொங்குறாளாம். திரும்பக் கட்டத் தகரம் தர்றோம்ன தோட்டத்துக்காரங்க இன்னும் தரல. அப்ப இருந்தே அவளுக்கு இழுப்பு. தோட்டத்துல பேர் பதிஞ்ச வேலை இல்ல, சீக்குக்காரின்னு தெரிஞ்சா காலையில ஆள் எடுக்குற பெரட்டுலயே மேற்பார்வை பார்க்குற கண்டாக்கு திருப்பி அனுப்பிருவாருன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்கல. இழுப்பு வந்தா தலைகாணியை வாயில அமுக்கிக்குவாளாம், எங்களுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு. கேட்டுச்சுடி பாவி. நான் கிறுக்கின்னு பேர் வாங்கினேன்.

"என்கிட்ட இருந்துதான் வினோஜனுக்கு ஒட்டிருச்சுன்னு நெனச்சேங்க்கா" ன்னா. "எம்மகளுக்கும் வந்துருமோன்னுதான் அன்னைக்கு இழுத்துட்டேன். நானே அவளைப் பக்கத்துல போட்டுப் படுக்கிறதில்ல. அவ இஸ்தோப்புலதான் படுக்குறா."

இந்தக் குளிர்ல, அஞ்சு வயசுப் புள்ள, வாசல் திண்ணையில. எனக்கு அவளை அறையவும் தோணுச்சு, கட்டிப் புடிக்கவும் தோணுச்சு. ஓட்டைக்குள்ள ரெண்டுக்கும் கை எட்டாது.

"ஒட்டலடி" ன்னேன். "அது ஒட்டுற சீக்கே இல்ல. உன் அடுப்புப் பொகைதான். அவனுக்கும் அதான், உனக்கும் அதான்."

அவ வெளங்காத மாதிரி அடுப்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷன் சொல்லாமலே பேப்பரை எல்லாம் கீழ போட்டுட்டு, அடுப்புக் கல்லைத் தூக்க வாசல் வழியா அந்தப் பக்கம் போயிக்கிட்டு இருந்தாரு. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவருக்குப் புத்தி வேலை செய்யுது. அந்த அடுப்பு வெளிய போனா எம்மகன் உள்ள வரலாம்.

இனி எங்க குசினியில வந்து பொங்குன்னு சொன்னேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றன்னும் சொன்னேன், வேலை போனா போவட்டும், கண்டாக்குகிட்ட நான் பேசிக்கிறேன்னேன். எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டினா.

"இன்னைக்கு ஷாமிலாவைப் பக்கத்துல போட்டுப் படு" ன்னேன்.

அதுக்கு அவ தலையாட்டல. சுவத்தைப் புடிச்சு மெதுவா எந்திரிச்சு வாசலுக்குப் போனா. ஷாமிலா, ஷாமிலான்னு மூச்சு இழுத்துக்கிட்டே கூப்பிட்டா.